வரியும் வடிகாலும்

'சேவை வேண்டும், வரி மட்டும் வேண்டாம்' என்பதே தஞ்சைப் புறநகர்வாசிகளின் மனநிலை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 2022 சொத்து வரி உயர்வில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,800-ஐத் தாண்டினால் 100 விழுக்காடு. அதனால் வரி கட்டச் சொல்லி வரும் கேட்பு அறிவிப்பில் பரப்பளவு தப்பாக இருந்தாலே தொகை எகிறிவிடும். வீட்டு முகப்பில் ஒரு தையல் மெஷின் இருந்தால் முழு வீடும் வணிகம் என்று பதிவாவதும் உண்டு. இப்படித் தப்பாக வந்தால், வீட்டு வரைபட நகல், போட்டோவோடு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. பலருக்கு இது தெரியவே தெரியாது.

உண்மையான எரிச்சல் வடிகாலில். களிமண் பூமி, ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறியதும் செப்டிக் டேங்க் பொங்கும். தெருச் சாக்கடை உள்ளாட்சி பொறுப்பு, அது போய்ச் சேரும் பாசன வாய்க்கால் பெரும்பாலும் நீர்வளத்துறையுடையது. மனு இரண்டுக்கும் நடுவே பந்தாடப்படும். வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் அந்த வாய்க்காலின் சர்வே எண்ணைப் பார்த்து, வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால் அந்த எண்ணைக் குறித்து இரு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். தூர்வாரிய வண்டலைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள், அடுத்த மழையில் அத்தனையும் உள்ளேதான். அன்றே அள்ளிப் போகச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள்.