பெட்டி கோர்ப்பது வேறு, சமையலறை பொருத்துவது வேறு

ரெடிமேடாக வந்த பெட்டிகளை நானும் தங்கையும் எங்கள் கையாலேயே பொருத்தி முடித்த சமையலறையின் படத்தை நேற்று போட்டேன். அதற்குக் கீழே நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்ப இங்கே ஒட்டப் போவதில்லை, எழுதியவர் பெயரையும் இழுக்கப் போவதில்லை. "ரெடிமேடாக வருவதை நாலு திருகாணி போட்டு முடுக்கினால் ஆச்சு. இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருந்தார். கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் அதற்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளில் பாதி எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் போட்டது. அதுதான் உறுத்துகிறது.

அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். கோபத்தில் எழுதினால் சொல்ல வந்தது போய்விடும் என்று தள்ளிப்போட்டேன். கோபம் இன்னும் போகவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

பெட்டி கோர்ப்பது வேறு, சமையலறை பொருத்துவது வேறு. அவர் சொன்ன நாலு திருகாணி முதல் வேலைக்குத்தான். பலகைகளைத் தரையில் பரப்பி, மர ஆப்பைத் துளையில் செருகி, கேம் லாக்கை (இரண்டு பலகைகளை இழுத்துப் பிடிக்கும் சின்ன உலோகப் பூட்டு) திருப்பி ஒரு பெட்டியை எழுப்புவது கொஞ்சம் பழகினால் யாருக்கும் வரும். துளையெல்லாம் தொழிற்சாலையிலேயே போட்டு வருகிறது. பக்கப் பலகையில் வரிசையாக 5 மில்லிமீட்டர் துளைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 32 மில்லிமீட்டர் இடைவெளி, கதவுக் கீல் உட்கார 35 மில்லிமீட்டர் குழி. அந்தத் துல்லியத்தை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது, நான் உரிமை கொண்டாடவில்லை. அதிலும்கூடப் பின்பலகையை அடிப்பதற்கு முன்னால் மூலைக்கு மூலை டேப் வைத்து இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் பெட்டி கோணல். அப்படியே அடித்துவிட்டால் அந்தக் கதவு காலத்துக்கும் நேராக மூடாது.

அந்தத் திருகாணி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம், அவர் அதைத்தானே பிடித்துக்கொண்டார். தலையில் கூட்டல் குறி இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைப்போம். இந்தப் பெட்டிகளோடு வருவது பெரும்பாலும் போசிட்ரைவ் வகை. உற்றுப் பார்த்தால் கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரியும். வீட்டில் கிடக்கும் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரை அதில் வைத்து அழுத்தினால் நழுவி நழுவித் தலையே மழுங்கிப் போகும். சரியான முனை போட்டாலும் பார்ட்டிகிள் போர்டில் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) கடைசிச் சுற்று கையால்தான். மெஷினால் ஒரேயடியாக முடுக்கினால் உள்ளே தூளாகிப் பிடிமானம் போய்விடும். ஆக, நாலு திருகாணிக்கே இவ்வளவு இருக்கிறது.

பெட்டிகளெல்லாம் செங்கோணமாக வருகின்றன. அவற்றை வைக்கப்போகும் வீட்டில்தான் செங்கோணம் என்று ஒன்று கிடையாது. ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு உங்கள் சமையலறையில் ஒரு சுற்று வந்து பாருங்கள். எங்கள் வீட்டில் சிங்க் பக்கம் தரை தாழ்வு, ஜன்னல் பக்கம் மேடு. இத்தனை வருடம் அதில் நடந்தும் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. குமிழி மட்டும் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது. தரையின் மேடான இடத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்துதான் உயரத்தைக் குறிக்க வேண்டும். பெட்டியின் கால்களைத் திருகி உயர்த்தலாம், ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. தாழ்வான மூலையில் ஆரம்பித்தால் மேட்டுக்கு வரும்போது மட்டம் கைவிட்டுப் போகும். சுவரும் அப்படித்தான். பூச்சு ஓரிடத்தில் கனமாக, ஓரிடத்தில் மெலிசாக இருக்கும். மூலையில் ஒட்டி வைத்தால் டிராயர் பக்கத்துக் கைப்பிடியில் இடித்து நிற்கும். அதற்காக இடைவெளியை அடைக்கும் ஒரு ஃபில்லர் பட்டையை அந்தச் சுவரின் வளைவுக்கே கோடு போட்டு, அறுத்து, செருக வேண்டும். இதை எந்தத் தொழிற்சாலையும் செய்து அனுப்பாது, வீட்டுக்கு வீடு வேறு.

மேல் பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அடுக்குமாடியில் ஒரு சுவர் கான்கிரீட், அடுத்தது ஹாலோ பிளாக், இன்னொன்று வெறும் ஜிப்சம் தடுப்பு. திருகாணி பிடிப்பதற்காகச் சுவர்த் துளையில் செருகும் பிளக், ஒன்றுக்குப் போடுவது இன்னொன்றில் நிற்காது. டிரில் உள்ளே போகும்போது கொட்டும் தூளைப் பார்க்க வேண்டும். சிவப்பாகக் கொட்டினால் செங்கல், சாம்பல் நிறத்தில் வந்து டிரில்லும் திணறினால் கான்கிரீட், சட்டென்று எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய்விட்டால் அது பொள்ளல். தங்கை கீழே காகிதத்தை ஏந்திப் பிடித்துக்கொண்டு நிறம் சொல்லச் சொல்ல, நான் பிளக்கை மாற்றி மாற்றிப் போட்டேன். ஸ்விட்சுக்கும் குழாய்க்கும் நேர் மேலேயும் நேர் பக்கத்திலும் கை வைக்கக் கூடாது, உள்ளே வயரோ பைப்போ ஓடும். ஒரு பீங்கான் அடுக்கு எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கனம் நம் வீட்டு ஆட்களின் தலைக்கு மேலே வருடக்கணக்கில் தொங்கப் போகிறது. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

நாங்கள் ஏன் இதில் இறங்கினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நேற்று அதை யாருமே கேட்கவில்லை. அம்மா உயரம் குறைவு. மேடை பொதுவாகத் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் வாக்கில் வரும். நிற்பவரின் முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருந்தால்தான் தோள் உயராமல் காய் நறுக்க முடியும். பழைய மேடையில் அம்மா எப்போதும் தோளைத் தூக்கிக்கொண்டுதான் நறுக்குவார். சாயங்காலம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். வயதாகிவிட்டது, அதுதான் வலி என்று அவரே சொல்லிக்கொள்வார். வயதல்ல, மேடை. இந்த முறை அம்மாவை நிற்க வைத்து, முழங்கையிலிருந்து அளந்து, கால்களைத் தாழ்த்தி, வழக்கமான உயரத்தைவிட 5 சென்டிமீட்டர் இறக்கினோம். (பாத்திரம் கழுவும் மெஷின் உள்ளே வைக்கப்போகிறவர்கள் அதற்கு வேண்டிய உயரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது இல்லை.)

1926ல் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் சின்னச் சமையலறை ஒன்றை வடிவமைத்தார். உள்ளே வேலை செய்பவர் எத்தனை அடி நடக்கிறார், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்துச் செய்தது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதைத்தான் முன்னோடி என்கிறார்கள். சமைப்பவரின் உடம்பை அளப்பது அன்றைக்கே அவ்வளவு பெரிய வேலையாக இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அதை நாங்கள் செய்தால் மட்டும் சிரிப்பு வருகிறது.

"ஆளை வைத்துச் செய்திருந்தால் ஒரு தொழிலாளிக்குக் கூலி கிடைத்திருக்குமே, அவர்கள் வயிற்றில் ஏன் அடிக்கிறாய்?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கவுண்டர் டாப்பை அறுக்க ஆளை வைத்தோம், அடுப்பின் கரன்ட் இணைப்புக்கு உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்தோம். அதில் கை வைக்க எனக்கு யோசனையே இல்லை, வைக்கவும் கூடாது. கேட்ட கூலியைக் கொடுத்தோம், பேரம் பேசவில்லை. மற்றதைச் சொந்த வீட்டில் சொந்தக் கையால் செய்வது எப்படி இன்னொருவர் வயிற்றில் அடிப்பதாகும்? வீட்டில் சமைக்கிற ஒவ்வொருவரும் ஹோட்டல்காரர் வயிற்றில் அடிக்கிறாரா?

"பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் ஊதிவிடும்" என்றார் இன்னொருவர். ஊதும். சிங்க்குக்காக அறுத்த விளிம்பு, பைப்புக்காகப் போட்ட ஓட்டை என்று மேல்பூச்சு இல்லாமல் பலகை வெறுமையாகத் தெரிகிற எல்லா இடத்திலும் சிலிகான் பூசி அடைத்தால் பல வருடம் தாங்கும். ஆளை வைத்தாலும் அதே பலகைதான் வரும்.

அப்புறம் அந்த "ஐகியா எஃபெக்ட்". வாங்குபவரே கோர்த்துக்கொள்ளும் மரச்சாமான்களை விற்கும் ஐகியா கம்பெனியின் பெயரால் வந்தது. நானே செய்ததால்தான் எனக்கு அது ஒசத்தியாகத் தெரிகிறதாம். இதைச் சொன்னவர் படித்தவர். நானும் படித்தேன். நார்ட்டன், மோச்சான், ஏரியலி மூவரும் 2012ல் வெளியிட்ட ஆய்வு அது. தாமே கோர்த்த பொருளுக்கு மனிதர்கள் கூடுதல் மதிப்புப் போடுகிறார்கள் என்பது உண்மைதான். வேலையை முடிக்க முடியாமல் போனவர்களிடம் அந்த மதிப்பு காணாமல் போனது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. முடித்ததற்குத்தான் மதிப்பு. நாங்கள் முடித்தோம். அம்மாவின் தோள் இறங்கியதை எந்த எஃபெக்டில் சேர்ப்பீர்கள்?

உண்மையில் எனக்கு வலிப்பது சமையலறை விஷயமே இல்லை. "இதெல்லாம் ஒரு வேலையா" என்பதை நம்மவர்கள் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிற எதற்கும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முட்டி போட்டு, தூசி தின்று, உடம்பை வளைத்துச் செய்கிற வேலைக்குத்தான் சொல்வார்கள். நேற்று தொழிலாளிக்காகப் பரிந்து பேசிய அதே ஆட்கள், ஃபிட்டர் வந்து கூலி சொன்னால் "நாலு ஸ்க்ரூவுக்கா இவ்வளவு?" என்று கேட்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன். என்னை மட்டம் தட்டினால் தாங்கிக்கொள்வேன். சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, மூக்குக்கு மேலே சொட்டுகிற தண்ணீரோடு டிராப்பை (கழிவுநீர் போகும் வளைந்த குழாய்) இறுக்கிப் பாருங்கள். ஒரு நட்டு சரியாக உட்காராவிட்டால் கீழ் வீட்டுக் கூரை நனையும். இதைத் தினமும் செய்கிறவர்களையும் சேர்த்துத்தான் நேற்று சிரித்தீர்கள்.

இன்னொன்று. என் படத்தைப் பார்த்துவிட்டுத் தானும் செய்யலாம் என்று நினைத்திருந்த ஒரு தோழி, அந்தச் சிரிப்புகளைப் பார்த்தபின் "வேண்டாம், என்னால் முடியாது, எல்லாரும் கேலி செய்வார்கள்" என்று இன்பாக்சில் எழுதியிருக்கிறார். அளவெல்லாம் எடுத்து வைத்திருந்தவர். பதிவு இவ்வளவு நீண்டதற்கு அதுதான் காரணம்.

தோழிக்கு: வேலையை விடாதீர்கள். மேல் பெட்டிகளை முதலில் மாட்டுங்கள், கீழே எதுவும் இல்லாதபோது சுவரோடு ஒட்டி நின்று வேலை செய்யலாம். பெரிய பெட்டியைத் தூக்க இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும், தனியாக முயல வேண்டாம். டிரில் சத்தத்துக்கு உங்கள் குடியிருப்பில் என்ன நேரம் என்று கேட்டு, கீழ் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூலையிலிருந்து இரண்டு பக்கமும் சுவரை மூன்று உயரங்களில் அளந்து எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கையும் ரசமட்டத்தோடு வருகிறோம்.