சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டி: கழற்றியது 1000-வது இதழ் அல்ல

‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ என்ற படக்கதைப் பத்திரிகையின் 1000-வது சிறப்பிதழில் சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டியைத் தூக்கிவிட்டார்கள், ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தலைகீழாகச் சொல்கிறார்கள்.

ஜட்டி காணாமல் போனது 2011-ல். அந்தப் பத்திரிகையை வெளியிடும் டிசி நிறுவனம் தன் கதைகளை எல்லாம் முதலிலிருந்து தொடங்கியபோது, நீல உடைக்கு மேல் இருந்த அந்தச் சிவப்பு உள்ளாடையும் மஞ்சள் பெல்ட்டும் போயின. ரசிகர்கள் முணுமுணுத்தது அப்போதுதான். 2018 ஏப்ரலில், சூப்பர்மேனின் 80-வது ஆண்டையொட்டி வந்த 1000-வது இதழ் அதைத் திருப்பித்தான் தந்தது. ஜிம் லீ வரைந்த அட்டையைப் பாருங்கள்: சிவப்பு ஜட்டி பளிச்சென்று தெரிகிறது. ‘அப்பாடா’ என்றவர்களும் உண்டு, ‘பழைய சர்க்கஸ் பயில்வான் வேஷம் மறுபடியுமா’ என்று சலித்தவர்களும் உண்டு.

இன்னொரு சந்தேகமும் கூடவே வருகிறது. 2011-ல் 904-வது இதழோடு நிறுத்தி மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணினார்களே, அப்புறம் 1000 எப்படி வந்தது, ஏமாற்று வேலையா என்கிறார்கள். இல்லை. புதிய வரிசையில் 52 இதழ்கள் வந்தன. 904-உடன் 52-ஐக் கூட்டினால் 956. அதனால்தான் 2016-ல் பழைய வரிசைக்குத் திரும்பியபோது 957 என்று போட்டார்கள். அதன்பின் மாதம் இருமுறை வந்ததால் இரண்டே ஆண்டுகளில் ஆயிரத்தைத் தொட்டது. கணக்கு சரிதான், ஜட்டி விஷயம்தான் தப்பு.