சாதகக் கணக்கில் கைபேசி நேரத்தைச் சேர்க்காதீர்கள்

இணையத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், வாத்தியத்தோடு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று பெற்றோர்களும், வேலைக்குப் போய்க்கொண்டே வீணை கற்றுக்கொள்ளும் பெரியவர்களும் வீணை கற்பிக்கும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். மணிக்கணக்கை இரண்டுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாலையில் ஒரு மணி நேரம் படம் பார்ப்பதாலோ, நண்பர்களோடு வாட்ஸ்அப்பில் பேசுவதாலோ யாருடைய வீணையும் கெட்டுப்போனதாக நான் பார்த்ததில்லை. கெடுவது வேறோர் இடத்தில். சாதகம், அதாவது அன்றாட இசைப் பயிற்சி, செய்ய உட்காரும் பாயிலேயே, வீணையின் குடத்துக்குப் பக்கத்தில், கைபேசியும் வந்து உட்கார்ந்துவிட்டது. தம்புரா ஒலிப்பது அது, சுருதி சேர்த்துக் கொடுப்பது அது, ஸ்வரக் குறிப்பைக் காட்டுவது அது, போன வகுப்பின் பதிவை ஒலிக்கச் செய்வதும் அதுதான். எதிராளியாக வந்திருந்தால் வெளியே வைத்திருப்போம். உதவியாளராக வந்ததால் உள்ளே விட்டுவிட்டோம்.

சுருதி சேர்ப்பதிலிருந்தே தொடங்குகிறேன். வீணையில் வாசிப்புத் தந்திகள் நான்கு, தாளத் தந்திகள் மூன்று. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற அந்த நான்கு வாசிப்புத் தந்திகளையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகி, பிறகு தந்திகளைக் கட்டியிருக்கும் நாகபாசத்தின் அருகே தந்தியில் கோத்திருக்கும் மணிகளை நூலிழை அளவு நகர்த்தி, கடைசியில் தாளத் தந்திகளையும் சேர்த்து முடிக்கப் புதிய மாணவருக்குக் கால் மணி நேரம் ஆகும். குளிர்சாதன அறையிலிருந்து கூடத்துக்கு வீணையைக் கொண்டுவந்தால் இன்னும் கூடுதலாக ஆகும். இந்தக் கால் மணி நேரத்தை வீண் என்று நினைத்துத்தான் பலரும் சுருதி காட்டும் செயலியைத் திறக்கிறார்கள். முள் நடுவுக்கு வந்து பச்சை நிறம் காட்டியதும் கையை எடுத்துவிடுகிறார்கள். கண் பார்த்துக் கை திருகிவிடுகிறது; காதுக்கு அங்கே வேலையே இல்லை. பஞ்சமம் (ப) ஷட்ஜத்தோடு (ஸ) சேரும் கணத்தில் இரண்டு ஒலிகளுக்கு இடையே இருந்த அலைவு மெல்லக் குறைந்து நிற்பதை ஒருவர் நாள்தோறும் காதால் கேட்கவில்லை என்றால், பிறகு கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதில், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவருக்கு யார் எவ்வளவு சொன்னாலும் விளங்காது. சுருதி சேர்ப்பது சாதகத்துக்கு முந்தைய ஏற்பாடு அன்று, அதுவே அன்றைய சாதகத்தின் முதல் பாடம் என்று நான் கருதுகிறேன்.

கமகத்தைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தோடி ராகத்தின் காந்தாரம் (க) ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரம் அன்று. அதற்குக் கீழே உள்ள சுத்த ரிஷபத்துக்கும் (ரி) மேலே உள்ள சுத்த மத்யமத்துக்கும் (ம) இடையே அசைந்துகொண்டே இருப்பது. வீணையில் அதை வாசிக்கும்போது இடது கை விரல் தந்தியை, ஸ்வர இடம் காட்டும் மெட்டின் மேல் வைத்துப் பக்கவாட்டில் இழுத்துத் தளர்த்துகிறது. எவ்வளவு இழுத்தால் மத்யமத்தைத் தொட்டும் தொடாமலும் திரும்பலாம் என்பதற்கு மெட்டில் எந்தக் கோடும் கிடையாது. விரல் நுனியில் தந்தி பதிந்த எரிச்சலும் காதில் விழும் நாதமும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கைக்குப் பழகிவிடுகிறது. நாலைந்து முறை தவறி, பத்தாவது முறையில் ஏறத்தாழச் சரியாக வரும் நேரத்தில்தான் வாட்ஸ்அப் ஒலிக்கும். அந்த ஒலிக்கு ஒரு சுருதி இருக்கிறது, அது நம் சுருதி அன்று. ஒலியை அடைத்து வைத்திருந்தாலும் திரை ஒளிர்ந்து அணைவதைக் கண் பார்த்துவிடுகிறது. செய்தியைப் பார்க்காமலே இருந்தாலும், யார் அனுப்பியிருப்பார்கள் என்ற நினைப்பு ஓர் ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றை, தின்றுவிடும்.

இதன் விளைவை வகுப்பில் நான் நேராகவே பார்க்கிறேன். இடையில் நிறுத்தியவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வதில்லை. மீண்டும் பல்லவியிலிருந்து தொடங்குகிறார்கள். மறுபடி ஓர் அழைப்பு, மறுபடி பல்லவி. வாரக் கடைசியில் என் முன்னால் வாசிக்கும்போது பல்லவி பளிச்சென்று இருக்கும், அனுபல்லவி பரவாயில்லாமல் போகும், சரணத்தில் கை தடுமாறும். பைரவி ராகத்தில் அட தாளத்தில் அமைந்த வர்ணம் என்ற பயிற்சி உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆவர்த்தனத்துக்கு 14 அட்சரம் (தாள எண்ணிக்கை), முதல் காலம் என்னும் மெதுவான வேகத்தில் நிதானமாக வாசித்தால் ஒரே மூச்சில் நெடுநேரம் உட்கார்ந்தாக வேண்டும். அந்த நீளத்தைத் தாங்கும் பழக்கம் விரலுக்கு மட்டும் போதாது, மனத்துக்கும் வேண்டும். கைபேசியோடு சாதகம் செய்பவர்களிடம் விரல் நன்றாக இருந்தும் இந்தத் தாக்குப்பிடிப்பு இல்லாமல் போவதைக் காண்கிறேன். தாளத்தில் ஆவர்த்தனம் முடிந்து, தொடங்கிய இடமான சமத்துக்கு வரும், வர்ணத்துக்கு ஒரு முடிவு உண்டு, தொடக்கப் பாடமான சரளி வரிசைக்கும் மூன்றாம் காலம் என்று ஓர் எல்லை உண்டு. திரையைத் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்க அமைப்பை 2006-இல் வடிவமைத்த ஆசா ராஸ்கினே பிற்காலத்தில் அதற்காக வருத்தம் தெரிவித்துப் பேசியிருக்கிறார். நிறுத்துமிடமே வைக்காத ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்துமிடங்களால் ஆன ஒரு கலையைப் பழகுவது எவ்வளவு கடினம் என்பதைப் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, தலைப்பில் நான் சொன்ன கணக்கு. இரண்டு மணி நேரம் சாதகம் செய்தேன் என்று சொல்பவரிடம் என்னென்ன வாசித்தீர்கள் என்று விசாரித்தால், வீணையில் கை இருந்தது அரை மணி நேரம், மீதி நேரம் அதே கிருதியை யூடியூபில் நான்கு வித்வான்கள் வாசித்ததைக் கேட்டது என்று தெரியவருகிறது. கேட்டது நல்லதுதான். கேட்டுக் கேட்டு வளரும் கேள்வி ஞானம் இல்லாமல் நம் சங்கீதத்தில் யாரும் வளர்ந்ததில்லை. ஆனால் கேள்வி ஞானத்துக்குத் தனிக் கணக்கு, சாதகத்துக்குத் தனிக் கணக்கு. ஒன்றில் வரவு வைத்ததை மற்றொன்றில் எழுதக் கூடாது.

உளவியலாளர் ஆன்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உலகம் முழுவதும் பேசப்பட்டது. மேற்கு பெர்லினின் இசைக் கல்லூரியில் பயின்ற வயலின் மாணவர்களைப் பற்றியது அது. தேர்ச்சிக்குப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி என்ற எண் மட்டும் அதிலிருந்து பிரிந்து ஊர் ஊராகச் சுற்றுகிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. தனியாக அமர்ந்து வாசிக்கும் பயிற்சியை அவர்கள் மற்ற எல்லா இசைச் செயல்களிலிருந்தும் பிரித்தே கணக்கிட்டார்கள். இசை கேட்பது தனி, குழுவோடு வாசிப்பது தனி. அப்படிக் கணக்கிட்டபோது, தேர்ந்த மாணவர்கள் வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரமும், இசை ஆசிரியர் பணிக்குப் பயின்றவர்கள் சுமார் 9 மணி நேரமும் தனியாக வாசித்திருந்தார்கள். தேர்ந்தவர்கள் ஒரே மூச்சாக நாள் முழுவதும் வாசிக்கவும் இல்லை. முற்பகலில் மனம் தெளிவாக இருக்கும் நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கி, ஓய்வும் உறக்கமும் நன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் விடியற்காலைச் சாதகம் என்று வைத்ததும் இந்தத் தெளிவை நாடித்தான் என்று நினைக்கிறேன். இன்றோ விடிந்ததும் கை முதலில் போவது எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.

ரீல்ஸ் பற்றியும் என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் வாசித்ததைப் பதிவு செய்து நாலு பேருக்குக் காட்ட விரும்புவதில் எந்தத் தவறும் இல்லை; மேடை கிடைக்காத பிள்ளைக்கு அது ஒரு மேடை. ஆனால் ஒரு நிமிடக் காணொளிக்கு எது எடுபடுமோ அதையே முதலில் பழகும் வழக்கம் வந்துவிட்டது. வர்ணத்தில் வரும் ஸ்வரத் தொகுப்பான சிட்டைஸ்வரம் மின்னல் வேகத்தில் வருகிறது, அதே வர்ணத்தை முதல் காலத்தில் வாசிக்கச் சொன்னால் பொறுமை இல்லை. பதிவு செய்யுங்கள் என்றுதான் நானும் மாணவர்களிடம் சொல்கிறேன். பதிவு செய்து, யாருக்கும் அனுப்பாமல், மறுநாள் நீங்களே கேளுங்கள். எங்கே காலப்பிரமாணம் (சீரான வேகம்) தவறி ஓடியது, எங்கே தந்தியை மீட்டும் மீட்டு அழுத்தமாக விழுந்தது, எங்கே தந்தியை இழுத்தது போதவில்லை என்பதை அந்தப் பதிவு தயவில்லாமல் காட்டும். கைபேசியால் வாத்தியக்காரருக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை இதுதான் என்பேன். பார்வையாளர் எண்ணிக்கை உள்ளே வந்த கணத்தில் அந்த நன்மை போய்விடுகிறது, ஏனென்றால் அப்போது தன் வாசிப்பைக் கேட்பதற்குப் பதிலாகப் பிறர் சொன்னதைப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

இணையம் கொடுத்ததை மறுத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. புகழ்பெற்ற வீணைக் கலைஞர் வீணை தனம்மாள் 1938-இல் மறைந்துவிட்டார். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, ரசிகர்கள் சிறு சத்தமும் எழுப்பாமல் உட்கார்ந்து கேட்டார்கள் என்று படித்திருக்கிறோம். அந்தக் கூடத்தில் உட்காரும் பேறு நம்மில் யாருக்கும் இல்லை. 1930-களின் இசைத்தட்டுகளில் எஞ்சிய அவருடைய வாசிப்பு இன்று எந்தச் சிற்றூரில் இருக்கும் குழந்தைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கும்; இரைச்சலுக்கு நடுவே அந்த நாதத்தைத் தேடிக் கேட்க வேண்டும். அதைக் கேட்கும்போது கைபேசியைத் திருப்பிக் கவிழ்த்து வையுங்கள், கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், அடுத்த காணொளி தானாகத் தொடங்கும் வசதியை நிறுத்துங்கள். ஒரே பதிவை ஒரு வாரம் கேளுங்கள். நூறு பதிவுகளை ஒரு வாரத்தில் கேட்பதைவிட அது காதுக்குள் ஆழமாக இறங்கும்.

தொலைவிலிருந்து இணையவழியில் கற்பவர்களுக்கு இந்த விஷயம் இன்னும் கூர்மையாகப் பொருந்தும். 2020-இல் ஊரடங்கு வந்தபோது எல்லோரும் அந்த வழிக்குப் போனோம். பலர் இன்றும் தொடர்கிறார்கள். நேரில் கற்கும்போது ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்கலாம், மாணவரின் கை ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். காணொளி அழைப்பில் ஒலி போய்ச் சேர எடுக்கும் தாமதத்தால் சேர்ந்து வாசிக்கவே முடியாது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்க வேண்டும். அந்தச் செயலிகள் பேச்சுக்குரலுக்காக அமைக்கப்பட்டவை என்பதால் தம்புராவை இரைச்சலாக எண்ணி அடக்கிவிடும், வீணையின் நாதம் தேய்ந்து மறையும் இடத்தை வெட்டிவிடும். ஜூம் போன்றவற்றில் அசல் ஒலியை அப்படியே அனுப்பும் தேர்வு இருக்கிறது, அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் வகுப்பில் கிடைக்காமல் போகும் அந்தச் சேர்ந்திசைப்பை ஈடுகட்டத் திரையில்லாத சாதகம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். சாதக அறையில் கைபேசி வேண்டாம். சுருதிக்குத் தனியே ஒரு மின்னணு தம்புராப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அது முடியாதவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய கைபேசியில் தம்புராச் செயலியை மட்டும் வைத்து, சிம் இல்லாமல், இணைய இணைப்பையும் துண்டித்துப் பயன்படுத்துங்கள். இருப்பது ஒரே கைபேசி என்றால் ஃப்ளைட் மோடில் போட்டு, கை எட்டாத தூரத்தில் வையுங்கள். ஸ்வரக் குறிப்பைத் திரையில் பார்க்காமல் நோட்டில் கையால் எழுதுங்கள். எழுதும்போதே பாதி மனப்பாடம் ஆகிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று குறைபட்டுக்கொள்ள வேண்டாம். ஸ்வரங்களை இரட்டித்து வாசிக்கும் ஒரு ஜண்டை வரிசையை மூன்று காலத்திலும் தடையில்லாமல் வாசித்து, கற்ற பாடத்தில் தடுமாறும் ஒரே சங்கதியை (ஒரு வரியை மாற்றி வாசிக்கும் வடிவத்தை) மட்டும் எடுத்துக்கொண்டு உழைக்க அந்த அரை மணி நேரம் போதும். அதன் பிறகு இணையத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன்.

என்னைப் போல் கற்பிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பாடம் முடிந்த கையோடு அதன் ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தை நான் நிறுத்திவிட்டேன். இரண்டொரு நாள் கழித்தே அனுப்புகிறேன். பதிவு கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் வகுப்பில் காது கொடுத்துக் கேட்காமல் இருப்பது குறையட்டும் என்பதற்காக அப்படிச் செய்தேன். சில பெற்றோர்களுக்கு முதலில் அது பிடிக்கவில்லை, காரணத்தைச் சொன்னதும் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது பிள்ளைகள் அந்த இடைப்பட்ட நாட்களில் நினைவிலிருந்து தேடித் தேடி வாசித்துப் பார்க்கிறார்கள். ஒரு சங்கதியை விட்டுவிடுகிறார்கள், வேறொன்றை மாற்றி வாசிக்கிறார்கள், பதிவு வந்ததும் தாங்களே ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். எங்கே தவறினோம் என்று அடுத்த வகுப்பில் அவர்களே எனக்குச் சொல்கிறார்கள்.