என் மகள் வரைந்தது பேய்ப்படமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் வரைந்த சாமி படத்தை ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே போட்டதைப் பார்த்துவிட்டு, "விட்டுத் தள்ளுங்கண்ணே, அவர் நல்ல மனுஷன்" என்று இன்பாக்ஸுக்கு வந்தவர்கள் மட்டும் பதினொரு பேர். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றார்கள்? சம்பளம் வாங்காமல், ஞாயிறு காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, எங்கள் குடியிருப்பில் முப்பது பிள்ளைகளை உட்காரவைத்து 'இந்து சமயம் ஓர் அறிமுகம்' வகுப்பு எடுக்கிறார். அதற்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்ததே நான்தான். ஆனால் அந்த நல்ல மனுஷன் என் மகளைப் பார்த்து, "இது சாமி இல்லம்மா, பேய். வீட்டுக்குப் போய் நல்ல சாமியா வரைஞ்சு கொண்டுவா" என்று சொன்னால், நான் என்ன செய்ய வேண்டும்? அவருடைய நல்ல குணத்துக்கு ஒரு மாலை போட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டுமா?

"உங்கள் வீட்டுச் சாமியை வரைந்து வாருங்கள்." வீட்டுப்பாடம் இவ்வளவுதான். அவள் எங்கள் வீட்டுச் சாமியை வரைந்தாள். அடி அகன்று நுனி குறுகிய, சுண்ணாம்பு அடித்த பீடம். அதற்கு ஒரு மீசை. பக்கத்தில் வல்லயம் என்கிற ஈட்டி, ஒரு சுருட்டு. பீடத்துக்கு மீசை கிடையாது, அது அவள் கற்பனை. சுருட்டு கற்பனை இல்லை.

எங்கள் குலதெய்வம் சுடலைமாடன். அவன் சாமிதான். இதை ஒரு பதிவு போட்டு நிறுவ வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்த வகுப்பில் கொடுத்த எட்டுப் பக்கக் கையேட்டை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நான்கு வேதம், பதினெட்டுப் புராணம், கர்மா, மறுபிறவி, மோட்சம். அப்புறம் ஆறு சமயங்கள்: சைவம், வைணவம், சாக்தம், காணாபத்தியம், கௌமாரம், சௌரம். சூரியனை முழுமுதற் கடவுளாகக் கும்பிடும் சௌரத்துக்கு முழுதாக ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் சௌரர் எத்தனை வீடு என்று லிப்டில் நின்று கேட்டுப் பார்க்க ஆசை. குலதெய்வம் என்ற சொல் எட்டுப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. ஒரு அடிக்குறிப்பில்கூட இல்லை.

பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வந்து பாருங்கள். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வேன் பிடித்து வந்து, குளத்தங்கரையிலும் தேரிக்காட்டிலும் இருக்கிற தங்கள் சாஸ்தாவைத் தேடிப் போவார்கள். எது தன் குலதெய்வம் என்று தெரியாதவன்கூட அன்றைக்கு ஏதாவது ஒரு சாஸ்தா கோயிலில் பொங்கல் வைப்பான். காரையாறு சொரிமுத்து அய்யனாருக்கு ஆடி அமாவாசையில் காட்டுக்குள் கூடுகிற கூட்டத்தில் எல்லாச் சாதியும் உண்டு, பிராமணக் குடும்பங்களும் உண்டு. சாஸ்தாவைக் குலதெய்வமாகக் கொண்ட அக்கிரகாரங்கள் எங்கள் பக்கம் நிறைய. இதெல்லாம் இல்லாத அறிமுகம் யாருக்கான அறிமுகம்? வீட்டில் இருக்கிறவர்களை விட்டுவிட்டு வாசல் கோலத்தை மட்டும் அறிமுகப்படுத்துகிறீர்கள்.

கையேட்டின் மூன்றாம் பக்கத்தில், "ஆன்மா பழைய உடலைக் கழற்றிவிட்டு வேறு உடல் எடுக்கிறது" என்று போட்டிருக்கிறது. எனக்கு இதில் சண்டை இல்லை. ஆனால் எங்கள் வீட்டு மூலையில் ஒரு ஓலைப்பெட்டி இருக்கிறது. அப்பாவின் தங்கை ஒன்பது வயதில் காய்ச்சலில் போனவள். அவள் எங்களுக்குக் கன்னித் தெய்வம். அந்தப் பெட்டியில் ஒரு பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், சாந்துப்பொட்டு. வருஷா வருஷம் புதுசு எடுத்துவைத்துவிட்டு, பழையதை வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்போம். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பாவாடையின் அளவு மட்டும் மாறவில்லை. கர்மக் கணக்கின்படி என் அத்தை எங்கேயோ பிறந்து, வளர்ந்து, இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்க வேண்டும். எங்கள் கணக்கில் அவள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. மறுபிறவியையும் நம்பிக்கொண்டு பாவாடையும் எடுத்துவைக்கிற மனசுதான் எங்கள் சமயம். அதை எட்டுப் பக்கத்தில் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் அந்தப் பழைய பாவாடை என் மகளுக்குக் கச்சிதமாக இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவளிடம்தான் ஒருவர் "பேய்" என்கிறார்.

மோட்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடையில், அதாவது எங்கள் கோயில் திருவிழாவில், சாமியாடியிடம் குறி கேட்க நிற்கும் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். மழை வருமா, கோர்ட்டுக் கேஸ் முடியுமா, மகளுக்குப் பிள்ளை தங்குமா, களவு போன மாடு எந்தத் திசையில் போனது? இவைதான் கேள்வி. "எனக்குப் பிறவாமை வேண்டும்" என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் சாமியே திகைத்திருக்கும்.

இனி உங்கள் கேள்விகள். கமெண்டில் வருவதற்கு முன்னால் நானே வருகிறேன்.

"உயிர்ப்பலி கொடுக்கிற சாமியைப் பிள்ளைக்கு எப்படி அறிமுகம் செய்வது?" சார் 'நல்ல சாமி' என்று என் மகளிடம் வண்ணம் தீட்டக் கொடுத்தனுப்பிய படம் பாலமுருகன். அந்த முருகனைக் குறமகள் எப்படிக் கும்பிட்டாள் என்று திருமுருகாற்றுப்படையில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். கிடாயின் குருதியில் கலந்த வெள்ளரிசிதான் பலி. அந்தப் பாட்டு பதினோராம் திருமுறையில் இருக்கிறது. கண்ணப்பர் சிவனுக்குக் கொடுத்தது என்ன, சர்க்கரைப் பொங்கலா? பன்றிக்கறி. அதுவும் வாயில் போட்டுப் பதம் பார்த்துவிட்டு. அறுபத்துமூவர் வரிசையில் அவரை வைத்துத் தூபம் காட்டுகிறோம். அசாமில் காமாக்யா, கொல்கத்தாவில் காளிகாட், மகாராஷ்டிரத்தில் துளஜாபூர் பவானி, எல்லா இடத்திலும் ஆடு விழுகிறது. அங்கெல்லாம் அது சாக்த மரபு. தேரிக்காட்டில் மட்டும் காட்டுமிராண்டித்தனம்.

திருக்குறள் எடுத்துக்கொண்டு வருவீர்கள், தெரியும். கொல்லாமை பேசியவர்தான் வள்ளுவர். ஆனால் "அவிசொரிந் தாயிரம் வேட்டலின்" என்று அவர் தொடங்குவது எதைப் பற்றி? சுடலைமாடன் கொடையைப் பற்றியா? அவி சொரிகிறது, அதாவது யாகத் தீயில் ஆகுதி போடுகிறது, யார் வேலை?

போன கொடையில் கிடாவைப் பார்த்து என் மகள் அழுதாள். "அதுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, அதை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்கிற யாரும் எனக்கு ஜீவகாருண்யம் சொல்ல வேண்டாம்.

2003இல் இதே வேலையை அரசாங்கமே செய்தது. 1950ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, கோயில்களில் ஆடு கோழி வெட்டக் கூடாது என்றார்கள். அந்த வருஷம் எங்கள் கொடையில் பந்தலுக்கு வெளியே போலீஸ் நின்றது. கிடாவுக்குப் பதில் பூசணிக்காய். சாமியாடிக்கொண்டிருந்த என் அப்பா அந்தப் பூசணிக்காயை உதைத்த உதை இன்னும் கண்ணில் நிற்கிறது. அது உருண்டுபோய் மேளக்காரர் காலடியில் நின்றது. மறுநாள் கேட்டால் அப்பாவுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. 2004இல் அந்தச் சட்டமே ரத்தானது. அடுத்த கொடைக்கு அப்பா இரண்டு கிடா வாங்கினார், ஒன்று பாக்கிக் கணக்கு என்றார்.

இன்னொரு நண்பர், படித்தவர், அப்பரை எடுத்துப் போட்டார். "சென்றுநாம் சிறுதெய்வம் சேர்வோம் அல்லோம்." அப்பர் பெருமானோடு வாதாட நான் யார்? அவர் பாடினார், அவருக்குச் சிவன் போதும். எனக்கும் சிவன் வேண்டும், சுடலையும் வேண்டும். எங்கள் வில்லுப்பாட்டில் சுடலைமாடன் பிறப்பதே கைலாசத்தில்தான். பார்வதி விளக்குச் சுடரை முந்தானையில் ஏந்திப் பெற்ற பிள்ளை. சுடுகாட்டில் பிணம் தின்றுவிட்டு வந்ததால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் பூமிக்கு அனுப்பினார்கள். (அங்கேயும் அவன் வெளியே அனுப்பப்பட்டவன்தான்.) அழகர்கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? ஆழ்வார்கள் பாடிய பெருமாள். அவர் கோபுர வாசலைக் காவல் காப்பது பதினெட்டாம்படிக் கருப்பர். உருவம் கிடையாது, கதவுக்குச் சந்தனம் பூசிக் கும்பிடுகிறார்கள். பெருமாளுக்கு இல்லாத கூச்சம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

அப்புறம் இந்தப் பக்கத்துத் தோழர்கள். "அதான் சொல்றோமே, நீ இந்துவே இல்லை. வெளியே வா." என் சமயத்தை நான் சொன்னால் போதாதா? ஒருத்தர் 'உள்ளே வா, சாமியை வாசலில் விட்டுவிட்டு வா' என்கிறார். இன்னொருத்தர் 'சாமியைத் தூக்கிக்கொண்டு வெளியே வா' என்கிறார். நடுவில் நிற்கிறவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. 1966இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரிசனங்களைத் தங்கள் கோயிலுக்குள் விடாமல் இருக்க, சுவாமிநாராயண் மரபைச் சேர்ந்த சிலர், "நாங்கள் இந்துக்களே இல்லை, தனிச் சமயம்" என்று வாதாடினார்கள். கதவை மூடுவதற்காக மதத்தையே வேண்டாம் என்றவர்கள்! நீதிபதி கஜேந்திரகட்கர் அதை ஏற்கவில்லை. இந்து மதத்துக்கு ஒரே தீர்க்கதரிசி இல்லை, ஒரே கடவுள் இல்லை, ஒரே சடங்கு இல்லை, விரித்துச் சொன்னால் அது ஒரு வாழ்க்கை முறை என்று எழுதினார். அந்த 'வாழ்க்கை முறை'யைக் கையேட்டின் அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். யாருடைய வாழ்க்கை என்றுதான் போடவில்லை.

இவ்வளவு கோபம் ஏன் என்று மனைவி கேட்டாள். ஆறாம் வகுப்பில் ஒரு ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி உங்கள் குலதெய்வம் எது என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்தவன் "பேச்சி" என்றான். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். என் முறை வந்தது. நான் "முருகன்" என்றேன். அன்று சாயங்காலம் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் பனங்காட்டில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் கழித்து என் மகள் பொய் சொல்லவில்லை. உள்ளதை வரைந்தாள், மீசை முறுக்கி, சுருட்டோடு. திரும்பி வந்து என்னிடம் கேட்டது, "அப்போ தாத்தாவுக்கு வர்றது பேயாப்பா?"

என் தாத்தாவை அவருடைய முப்பது வயதுவரை பெரிய கோயில் எதற்குள்ளும் விட்டதில்லை. 1939இல் மதுரை மீனாட்சி கோயிலில், அதுவரை உள்ளே விடாதவர்களை வைத்தியநாதய்யர் கூட்டிக்கொண்டு நுழைந்தார், 1947இல் சட்டம் வந்தது, எல்லாம் சரி. அதுவரைக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாத்தா யாரிடம் போய் அழுதார்? இந்தப் பீடத்திடம்தான். கூரை இல்லை, கதவு இல்லை. அதனால் சாத்தவும் முடியவில்லை. பிழைப்புத் தேடிப் போனவர்கள் பிடிமண், அதாவது இந்தச் சாமி இடத்திலிருந்து ஒரு பிடி மண், எடுத்துக்கொண்டுபோய் அங்கே ஒரு பீடம் போட்டார்கள். அப்படிக் கூடவே வந்த சாமி அது.

இதில் பெரிய கூத்து எங்கள் ஊரிலேயே நடக்கிறது. வகுப்பு எடுக்கிறவரையாவது மன்னித்துவிடலாம், அவருக்குத் தெரியாது. எங்கள் கொடைக் கமிட்டிக்கு என்ன வந்தது? பீடத்தை இடித்துவிட்டுக் கல் சிலை வைக்க வேண்டுமாம். சின்னதாக ஒரு கோபுரம், ஐயர் வைத்துக் கும்பாபிஷேகம், அதற்கப்புறம் கிடா வெட்டு கோயிலுக்குப் பின்னால், திரை போட்டு. குரூப்பில் ஒரு தம்பி எழுதுகிறான்: "அப்பத்தான் வெளியூர்க்காரன் மதிப்பான்." பேரையும் மாற்றி வைத்துவிட்டார்கள், நோட்டீஸில் 'ஸ்ரீ சுடலை ஈஸ்வர சுவாமி'. அப்பாவிடம் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஈஸ்வரனைக் கூப்பிட்டா ஈஸ்வரன்தாம்ல வருவாரு. மாடன் எப்படி வருவான்?" என்றார்.

மகளை இந்த ஞாயிறும் வகுப்புக்கு அனுப்புவேன். கீதை சுலோகப் போட்டியாம், நன்றாகச் சொல்லுவாள், சொல்லட்டும். வீட்டுப்பாடத்துக்குப் புதுப் படம் வரையவில்லை. அதே படம்தான், பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாவாடை மட்டும் சேர்த்திருக்கிறாள்.

கொடைக்கு வரி தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, 3,000 ரூபாய். இதைப் படித்து ஹார்ட் போடும் சொந்தக்காரத் தம்பிகள், ஹார்ட்டோடு நின்றுவிடாமல் பணத்தையும் அனுப்பிவிடுங்கள். கோபுரத்துக்கு என்று கேட்டால் நான் ஒரு ரூபாய் தர மாட்டேன். கிடாவுக்கு என்றால் என் பங்கு இப்போதே ரெடி.