‘ஹியூமன்ஸ்’ ஃபில்டர் விலங்கு ஆய்வுகளை மட்டும் நீக்குவதில்லை

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தைப் பற்றி, “பப்மெட்டில் ‘ஹியூமன்ஸ்’ (மனிதர்கள்) ஃபில்டரைத் தட்டினால் விலங்கு ஆய்வுகள் மட்டும் போகும், வேறெதுவும் குறையாது” என்று சொல்கிறார்கள். ஒரு கேள்விக்கான ஆய்வுகள் அனைத்தையும் விடாமல் திரட்டி மதிப்பிடும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ தேடலுக்கு இது ஆபத்தான ஆலோசனை.

அந்த ஃபில்டர் எதையும் தேடிப் பிடித்து நீக்குவதில்லை. ‘ஹியூமன்ஸ்’ என்ற மெஷ் குறி (கட்டுரையின் பொருளைக் காட்ட இணைக்கப்படும் நிலையான சொல்) உள்ள பதிவுகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. பதிப்பாளரிடமிருந்து இப்போதுதான் வந்து இன்னும் மெஷ் ஏறாத பதிவுகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். பப்மெட்டின் முக்கியப் பகுதியான மெட்லைனில் சேராத இதழ்களின் கட்டுரைகளும் அப்படியே. அவற்றுக்குப் பெரும்பாலும் மெஷ் ஏறுவதே இல்லை.

சரியான வழி: தேடலின் முடிவில் நாட் (NOT, ‘இவை வேண்டாம்’ என்ற கட்டளை) போட்டு, அடைப்புக்குறிக்குள் ‘அனிமல்ஸ் நாட் ஹியூமன்ஸ்’ என்று இரண்டையும் மெஷ் சொற்களாகக் கொடுங்கள். விலங்குக் குறி மட்டும் உள்ளவை போகும். இரண்டும் உள்ளவை, எந்தக் குறியும் இல்லாதவை தங்கும். வெறும் ‘நாட் அனிமல்ஸ்’ வேண்டவே வேண்டாம்! மெஷ் மரத்தில் ஹியூமன்ஸ், அனிமல்ஸின் கிளைக்குள்தான் இருக்கிறது. பப்மெட் கிளைகளையும் சேர்த்தே எடுப்பதால், குறி ஏறிய மனித ஆய்வுகள் அத்தனையும் போய்விடும்.

வயது, பாலின ஃபில்டர்களிலும் இதே கோளாறு. எம்பேஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் மெஷ்ஷுக்குப் பதில் எம்ட்ரீ என்ற வேறு சொல்பட்டியல் என்பதால் வரியைத் தனியாக எழுத வேண்டும்.

சோதித்துப் பாருங்கள்: பொருந்தும் என்று முன்பே தெரிந்த 10 கட்டுரைகளின் பிஎம்ஐடி எண்களை (பப்மெட் ஒவ்வொரு பதிவுக்கும் தரும் அடையாள எண்) ஆர் (OR) போட்டு இணைத்து, முழுத் தேடலோடு ஆண்ட் (AND) போடுங்கள். 10 கட்டுரைகளும் வர வேண்டும்; குறைந்தால், விடுபட்ட பதிவைத் திறந்து மெஷ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.