கேஸ் ஷீட்டின் முதல் வரி

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். விடியற்காலை நாலரை மணிக்கு மகனுடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். கேஷுவாலிட்டிக்குள் தாமாகவே நடந்து வந்து பெஞ்சில் அமர்ந்து, "வாய்வு, தம்பி. ராத்திரி முழுக்க மேல்வயிற்றில் ஒரே அடைப்பு" என்றார்.

நான் அப்போது ஹவுஸ் சர்ஜன், அதாவது படிப்பு முடித்துப் பயிற்சியில் இருந்த டாக்டர். முந்தைய நாள் காலையிலிருந்து தூங்காதவன். 'வாய்வு' என்ற சொல் காதில் விழுந்த கணமே எனக்குள் அது 'கேஸ்ட்ரைட்டிஸ்', இரைப்பைப் புண் மாதிரியான வயிற்றுக் கோளாறு, ஆகிவிட்டது. அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் ஊசி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். ஊசி போட வந்த சிஸ்டர் அந்த அம்மாவின் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். சில்லென்று வியர்த்திருந்தது. என்னிடம் வந்து, "சார், எதற்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடலாமா?" என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கு முன்னால் என் மானம் போகாதபடி கேட்ட கேள்வி அது.

இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. ஈ.சி.ஜி.யில் அந்தச் சுவரைக் காட்டும் மூன்று பதிவுகளிலும் கோடு மேலேறி நின்றது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறியது. பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற அன்று எனக்குத்தான் கையெடுத்துக் கும்பிட்டார், சிஸ்டருக்கு அல்ல.

பாடம் தெரியாமல் செய்த தவறு இல்லை இது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். '60 வயதுப் பெண், நீரிழிவு, மேல்வயிற்றில் அசௌகரியம், வியர்வை' என்று ஆங்கிலத்தில் நாலு வரி அச்சடித்துக் கொடுத்திருந்தால் அரைத் தூக்கத்திலும் சரியான விடையைச் சொல்லியிருப்பேன். வந்தது அந்த நாலு வரி அல்லவே. வந்தது 'வாய்வு'.

இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இப்போது நான் கற்பிக்கிற இடத்தில் இருக்கிறேன். எங்கள் மருத்துவக் கல்வியின் பெரிய ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நாளாக ஆகத் தெளிவாகிறது. முதுகலை நீட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், 800 மதிப்பெண். நோயாளியைப் பற்றிய ஒவ்வொரு கேள்வியிலும் யாரோ ஒருவர் ஏற்கெனவே அவரிடம் பேசி முடித்திருக்கிறார். தேவையானதைக் கேட்டு, தேவையில்லாததைத் தள்ளி, எல்லாவற்றையும் சுத்தமான ஆங்கிலத்தில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். மாணவர் செய்ய வேண்டியது மிச்சமிருக்கிற வேலையை மட்டும். ஓ.பி.யில் உட்கார்ந்தால் அந்த முதல் வேலைதான் முக்கால்வாசி. அதைச் செய்யத் தெரியுமா என்று அந்தத் தேர்வு ஒருபோதும் கேட்பதில்லை.

நாலரை ஆண்டு படிப்புக்குப் பிறகு ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. அந்த ஓராண்டுதான் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இருக்கிற காலம். அதையும் தேர்வு தின்றுவிட்டது. டியூட்டி அறைக்குள் போனால் ஆளுக்கொரு டேப்லெட், காதில் கோச்சிங் வகுப்பு. பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வெறும் எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கல்யாணச் சந்தையில்கூட மதிப்பில்லை என்று ஆக்கி வைத்தது நாம்தான். கூத்து என்னவென்றால், இத்தனை பேரை இப்படி ஓட வைத்த தேர்வில், 2023இல் காலியிடங்களை நிரப்புவதற்காகத் தகுதிக்கான பர்சன்டைலையே பூஜ்ஜியமாக்கினார்கள். அதாவது, தேர்வு எழுதிய எல்லோருமே தகுதி பெற்றவர்கள்.

எங்கள் காலம் மட்டும் பொற்காலமா என்றால், கிடையாது. செய்முறைத் தேர்வுக்கு 'லாங் கேஸ்' என்று ஒரு நோயாளியைக் கொடுப்பார்கள். வருடா வருடம் அதே ஆட்கள் வருவார்கள். கட்டிலருகே போனதுமே, "மைட்ரல் வால்வு சுருக்கம், தம்பி. முணுமுணுப்பு இந்த இடத்தில் கேட்கும், இடதுபக்கம் சாய்ந்து படுக்கட்டுமா?" என்று கேட்ட பெரியவரை எனக்குத் தெரியும். அன்று ஹிஸ்டரி எடுத்தது, அதாவது நோயின் கதையைக் கேட்டுத் தொகுத்தது, அவர்தான், நான் இல்லை. நோயாளியிடம் பேசும் திறமைக்கு என்று வைத்த ஒரே தேர்வையும் அப்படித்தான் தாண்டி வந்தோம்.

'மயக்கம்' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். ஹவுஸ் சர்ஜன் அதை 'கிடினஸ்' என்று எழுதிவிட்டு நகர்கிறார். நம் மக்களுக்கு அறையே சுற்றுவதும் மயக்கம், எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், நினைவு தப்பி விழுந்ததும் மயக்கம், உடம்பு தளர்ந்து போவதும் மயக்கம். முதலாவது காதுக் கோளாறாக இருக்கலாம். இரண்டாவது, நாங்களே கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையின் வேலையாக இருக்கலாம். மூன்றாவதற்கு இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும். நாலாவது ஆள் இன்சுலின் போட்டுக்கொண்டு எதுவும் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்தவராக இருந்தால், வரிசையில் நிற்க வைக்கவே கூடாது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும், பிரித்துவிடலாம். அந்த இரண்டு கேள்விக்குத்தான் பயிற்சி இல்லை.

அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அப்படி ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு மாணவி எங்கள் யூனிட்டில் இருந்தார். முதல் மாதம் ஒரு நோயாளி "சூடு பிடித்துக்கொண்டது" என்றதற்குக் காய்ச்சல் என்று எழுதி வைத்தார். பாவம், அந்த மனிதருக்கு நீர்க்கடுப்பு. அன்றிலிருந்து கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டு. மதமதப்பு, குடைச்சல், படபடப்பு, இழுப்பு, நெஞ்சுக் கரிப்பு எல்லாவற்றையும் தேவநாகரி எழுத்தில் எழுதி, எதிரே பொருள். பொருளை நோயாளியிடமே கேட்டுத்தான் எழுதுவார். "குடைச்சல் என்றால் குத்தலா, எரிச்சலா, எந்த நேரத்தில்?" என்று விடமாட்டார். தமிழ்ப் பிள்ளைகள் 'குடைச்சல்தானே, தெரியும்' என்று தாண்டிப் போனபோது, தமிழே தெரியாமல் வந்த அவர்தான் அந்த ஆண்டு எங்கள் யூனிட்டில் நல்ல ஹிஸ்டரி எடுத்தவர்.

எல்லாவற்றையும் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், பாட நூல்களையும் தமிழாக்கினார். (அங்கே 'வருத்தம்' என்றால் நோய். இங்கே ஒரு ஈழத்து நோயாளி வந்து வருத்தம் என்றால் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிடுவோம்.) நான் கேட்பது அதைவிடச் சிறியது.

2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் தொடக்கப் பயிற்சியிலேயே மொழிக்கும் கணினிக்கும் நேரம் ஒதுக்கினார்கள். மனப்பான்மை, அறநெறி, பேச்சுத் திறன் என்று தனியாக ஒரு பாடமும் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் ஸ்லைடு போட்டுப் பரிவைக் கற்பித்துவிட்டு, அடுத்த மணி நேரமே ரவுண்ட்ஸில் "அந்த எட்டாம் நம்பர் சிரோசிஸ் எங்கே?" என்று ஆளை நோயின் பெயரால் கேட்கிறவர்களும் நாங்கள்தான். நானும் கேட்டிருக்கிறேன்.

நோயாளியின் முதன்மைக் குறையை அவர் சொன்ன சொற்களிலேயே பதிய வேண்டும் என்பது கிளினிக்கல் மெத்தட்ஸ் படித்த எவருக்கும் தெரிந்த விதி. நம்மில் யாரும் பின்பற்றுவதில்லை. தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதும்போதே அது அவர் சொல் இல்லை, நம் முடிவு. அதனால் மூன்று வருடங்களாக எங்கள் யூனிட்டில், நோயாளியின் விவரங்களை எழுதும் கேஸ் ஷீட்டின் முதல் வரி தமிழில், அவர் சொன்னது சொன்னபடி. அதற்குக் கீழே எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதட்டும். சக பேராசிரியர் ஒருவர், "என்ன, சிறுகதைப் போட்டியா?" என்று கேட்டார். ஹவுஸ் சர்ஜன்களும் முதல் வாரம் முனகுவார்கள். அப்புறம், எழுதுவதற்காகவாவது முழுதாகக் கேட்டாக வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு கேஸ் ஷீட்டில் முதல் வரி 'வாய்வு' என்றிருந்தது. அதன் கீழேயே ஈ.சி.ஜி. ஒட்டியிருந்தது. நார்மல். எடுத்த பையனிடம் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ராஜஸ்தான் மாணவி போகும்போது நோட்டை ஜூனியர்களிடம் விட்டுப் போனார். இப்போது அதைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து, பிரதி எடுத்து, ஒவ்வொரு அணிக்கும் கொடுக்கிறோம். இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது. உங்கள் ஊரில் மயங்கி விழுவதற்குச் சற்று முன்னால் வருகிற அந்த நிலையை என்னவென்று சொல்வார்கள்? மூச்சிரைப்புக்கு, கால் மரத்துப் போவதற்கு, உங்கள் பாட்டி என்ன சொல் வைத்திருந்தார்? ஊர்ப் பெயரோடு எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.