பசைக்கு வலு போதாது என்பது சரியன்று

பட்டறை மேசையின் மேற்பலகைக்காகச் சட்டங்களைப் பக்கம்பக்கமாக ஒட்டும்போது ‘ஃபெவிக்கால் மட்டும் தாங்காது, ஒவ்வொரு இணைப்பிலும் திருகாணி அடித்தே ஆகவேண்டும்’ என்று ஒருவர் எழுதியிருப்பது, புதிதாக இவ்வேலையில் இறங்குபவரைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும்.

மரத்தின் ரேகை ஓடும் நீளவாக்கில், இடைவெளி தெரியாதபடி இழைத்த இரு பரப்புகளை வெள்ளைப் பசையால் ஒட்டினால், அந்த இணைப்பு மரத்தைவிட வலுவானது. ஒட்டி ஒரு நாள் உலரவிட்ட துண்டு ஒன்றைச் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் பசைக்கோடு அப்படியே இருக்க, அதன் அருகே மரம்தான் நார்நாராகப் பிளந்திருக்கும். பலகையின் வெட்டுமுனையில், அதாவது ரேகை முடியும் முகத்தில், ஒட்டுவதற்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே பசை உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால் கூளாமூளை இணைப்பு, அதாவது ஒரு துண்டின் நாக்கை மற்றதன் துளையில் செருகும் இணைப்பு, தேவை. ஒருவேளை அவர் அதைத்தான் நினைத்து எழுதினாரோ என்னவோ.

திருகாணியால் வேறொரு தொல்லையும் உண்டு: பின்னாளில் மேசையைச் சமன்படுத்த இழைக்கையில் இழைப்புளியின் அலகு அதில் மோதி, அதன் கூர்விளிம்பில் பல் (சிறு வெட்டு) விழும். என் அலகில் அப்படி விழுந்த பல்லைத் தீட்டி எடுக்க ஒரு மாலை முழுவதும் ஆனது.

உண்மையில் கவனம் வேண்டியது, பசை உலரும்வரை துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளில்தான். ஏறத்தாழ 20 செ.மீ.க்கு ஒன்றாக, மேலும் கீழும் மாற்றி மாற்றிப் பூட்டி, விளிம்பு நெடுகப் பசை சிறு முத்துகளாகப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். எண்ணெய்த்தன்மையுள்ள தேக்கானால், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துக்கொள்ள வேண்டும்.